கொரோனா போய்விட்டது, மகன் ஏன் கதவைத் திறப்பதில்லை?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, பார்வைக்கு வெவ்வேறு பிரச்சினையாக இருந்தாலும், எல்லாம் 2020, 2021 என்ற அந்த இரண்டு ஆண்டுகளிலிருந்துதான் தொடங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. ஆனால் 2020, 2021இல் பத்து, பதினொரு வயதில் இருந்த நம் பிள்ளைகள் இன்று பதினாறில் நிற்கிறார்கள், அந்த நாட்களில் வீட்டுக்குள் நடந்தவை இப்போதுதான் அவர்களிடம் தெரியத் தொடங்கியிருக்கின்றன. அதனால் இந்தக் கடிதங்களைச் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். பெயர்களும் ஊர் அடையாளங்களும் நீக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி: அக்கா, எனக்கு ஒரே மகன், பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். ஐந்தாம் வகுப்பு வரை வாய் ஓயாமல் பேசுவான். அவன் அப்பா சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். 2020இல் கம்பெனியில் ஆள் குறைத்தபோது வேலை போய் ஊருக்கு வந்தவர் திரும்பப் போகவில்லை, இப்போது அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் வெட்டுக்குப் போகிறார். வீடு பாதியில் நிற்கிறது, கடன் அப்படியே இருக்கிறது. மகன் பள்ளி விட்டு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான், இரவு இரண்டு மணிக்கும் போன் வெளிச்சம் தெரிகிறது, காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான். அப்பாவும் மகனும் முகத்தைப் பார்த்தாலே சண்டை. "தின்னத்தான் லாயக்கு" என்று அவர் சொல்ல, "நீங்க என்ன சம்பாதிச்சு வச்சிருக்கீங்க" என்று இவன் கேட்டுவிட்டான், அன்றைக்கு அடி விழுந்தது. போனைப் பிடுங்கிவிட்டு ஹாஸ்டலில் சேர்த்துவிடலாமா?
(ஒரு அம்மா, கருங்கல் பக்கம்)

பதில்: ஹாஸ்டல் இப்போதைக்கு வேண்டாம் சகோதரி. வீட்டில் தனக்கு இடமில்லை என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "ஆமாம், இல்லை" என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

முதலில் உங்கள் மகனின் கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு முடிகிற நேரத்தில் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியது. ஆறாம் வகுப்பு முழுவதையும் அவன் வகுப்பறைக்குப் போகாமலே கடந்தான், ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் பள்ளி திறந்தது. புதிதாக நண்பன் பிடிப்பது, சண்டை போட்டு மறுநாள் சேர்ந்துகொள்வது, வாத்தியாரிடம் திட்டு வாங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வருவது எல்லாம் பத்து பன்னிரண்டு வயதில் பழகிக்கொள்வது, யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்த வயதில் அவன் கையில் இருந்தது ஒரு போன்தான். அதையும் ஆன்லைன் வகுப்புக்காக என்று, கையில் காசில்லாத நேரத்தில் கடன் வாங்கியாவது நாம்தான் வாங்கிக் கொடுத்தோம். ரேஞ்சு கிடைக்காமல் மொட்டை மாடியிலும் தோட்டத்து மேட்டிலும் நின்றுகொண்டு படித்த பிள்ளைகள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனையோ பேர். இன்று அவன் சிரிக்கிறதும் பேசுகிறதும் அந்தப் போனுக்குள்தான் என்றால், ஒரே நாளில் அதைப் பிடுங்கினால் அவனுக்கு மிச்சம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது அவன் அப்பா. இதை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் கல்ஃபுக்குப் போன அப்பாக்களைப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் பெட்டியோடு இறங்கி, சாக்லேட்டும் சென்ட்டும் கொடுத்து, இரண்டு மாதம் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பிப் போகிற ஆள். அந்த அப்பா 2020இல் வேலையும் இல்லாமல், வரவேண்டிய சம்பள பாக்கியும் வந்ததோ இல்லையோ, தனிமைப்படுத்தலில் இருந்துவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். மகனுக்கு அவர் புது ஆள், அவருக்கும் மகன் புது ஆள். இருவரும் அதற்கு முன்னால் ஒரே கூரையின் கீழ் ஒரு முழு வருஷம் சேர்ந்து இருந்ததே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த ஊரில் அவர் நல்ல மெக்கானிக், இங்கே வந்து அதிகாலை நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஓடவேண்டியிருக்கிறது, மழை பெய்தால் அந்த வேலையும் கிடையாது, நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. "தின்னத்தான் லாயக்கு" என்று அவர் மகனைப் பார்த்துச் சொன்னது, தன்னைப் பற்றியே அவர் தினமும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிற வார்த்தையாக இருக்கலாம். அதற்காக அடித்ததை நான் சரி என்று சொல்லவில்லை, அது தப்பு, இனி நடக்கக் கூடாது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் அயோவா என்ற மாநிலத்தில் 1980களில் விவசாயம் நொடித்துப் பல குடும்பங்கள் கடனில் விழுந்தன. ராண்ட் காங்கர் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் அந்தக் குடும்பங்களில் வளர்ந்த பதின்வயதுப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார்கள். அவர்கள் கண்டது இதுதான்: பணக்கஷ்டத்தின் பெரும்பகுதி நேராகப் பிள்ளையிடம் போய்ச் சேருவதில்லை. முதலில் அப்பா அம்மாவின் மனதை உடைக்கிறது, அப்புறம் அவர்கள் இருவருக்கும் நடுவே சண்டையாகிறது, அதற்குப் பிறகு பிள்ளையிடம் கடுமையாக, பொறுமையில்லாமல் நடந்துகொள்வதாக மாறுகிறது, கடைசியில்தான் பிள்ளையிடம் அது சோர்வாகவோ முரட்டுத்தனமாகவோ தெரிகிறது. கொரோனா காலத்துக் குடும்பங்களைப் பார்த்த ஆய்வுகளும் இதே வழியைத்தான் காட்டின. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை ஒன்று இருக்கிறது. கடனை நாளைக்கே அடைக்க முடியாது, ஆனால் நடுவில் இருக்கிற சண்டையையும் கடுமையையும் குறைக்க முடியும், அதைக் குறைத்தாலே பிள்ளையிடம் போகிறது பாதி நின்றுவிடும்.

சரி, என்ன செய்வது? கடன் எவ்வளவு, மாதம் எவ்வளவு போகிறது, வீட்டை எப்போது முடிக்க நினைக்கிறீர்கள் என்பதை மகனை உட்காரவைத்து நீங்கள் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். பதினாறு வயதுப் பையனுக்கு இது தெரிய வேண்டும். தெரியாதபோது அவன் கற்பனை செய்துகொள்வது எப்போதும் உண்மையைவிட மோசமாகத்தான் இருக்கும். ஆனால் "உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டம்" என்று மட்டும் சேர்க்காதீர்கள், அதைக் கேட்டால் கதவு இன்னும் இறுகும்.

அவன் அப்பா அடித்ததற்கு அவர்தான் முதலில் வாய் திறக்கவேண்டும். "அன்னைக்கு அடிச்சது தப்பு, மக்களே. அப்பாவுக்கு மனசு சரியில்ல" என்றால் போதும், விளக்கம் வேண்டாம். அவன் பதில் சொல்லாமல் போனாலும் பரவாயில்லை, கேட்டிருப்பான். அப்புறம் அவர் கையில் ஒரு நல்ல தொழில் இருக்கிறதே! ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ஏசியையோ பழைய ஃபிரிட்ஜையோ பிரித்துப் பார்க்கும்போது மகனையும் கூடக் கூப்பிடச் சொல்லுங்கள். ஸ்பானரை எடுத்துக் கொடு, கேஸ் அளவைப் பார் என்று பேச்சு வேலையைப் பற்றி மட்டும் இருக்கட்டும், படிப்பைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை கூடாது. ஆண்பிள்ளைகள் பலர் முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் பேசமாட்டார்கள், பக்கத்தில் நின்று வேலை செய்தால் தானாகப் பேசுவார்கள். (உள்ளூரிலேயே ஏசி வேலையை மறுபடி தொடங்க முடியுமா என்று அவர் யோசிக்கவேண்டும் என்றும் எனக்குத் தோன்றுகிறது. மார்த்தாண்டத்தில் ஏசி இல்லாத கடை இன்று எங்கே இருக்கிறது?)

தூக்கம் தனி விஷயம். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகும், மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் பெரியவர்களைவிடத் தாமதமாகச் சுரக்கும், அதனால் பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று அவன் சொன்னால் அது நடிப்பில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை, அவனுக்கு நாலு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை, எரிந்து விழாமல் என்ன செய்வான்? தூங்குகிற நேரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், எழுகிற நேரத்தை ஞாயிறு உட்பட ஒரே மாதிரி வையுங்கள், எழுந்ததும் வெளியே வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்கட்டும். இரவில் எல்லோருடைய போனும், உங்களுடையதும் அவருடையதும் சேர்த்து, ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். அவனுடையதை மட்டும் வாங்கி வைத்தால் அவன் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வான்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையும் சோர்வுமாக இருக்கும், இந்த வயதில் அது எரிச்சலாகவும் கோபமாகவும் வரலாம், அதனால்தான் "திமிர்" என்று நாம் விட்டுவிடுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்து, சாப்பாடு குறைந்து, பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் அவன் விட்டுவிட்டால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். செத்துப்போனால் தேவலை என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ, கையில் கீறல் எதுவும் தெரிந்தாலோ அன்றைக்கே போகவேண்டும், தனியாக விடவும் கூடாது. "அப்படி ஏதாவது நினைக்கிறியா" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எங்கே போவது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன், கடற்கரை ஊர். 2021 மே மாதம் அப்பா ஆஸ்பத்திரியில் கொரோனாவில் இறந்துவிட்டார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை, பையில் கட்டிக் கொண்டுவந்து அப்படியே அடக்கம் செய்தார்கள், சொந்தக்காரர்களும் வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா அப்பாவைப் பற்றிப் பேசுவதே இல்லை, சட்டை, போட்டோ எல்லாம் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நான் அன்றைக்கு அழவில்லை. இப்போது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது, பரீட்சை ஹாலில் திடீரென்று அழுகை வருகிறது, தம்பியைக் காரணம் இல்லாமல் அடித்துவிடுகிறேன். இத்தனை வருஷம் கழித்து ஏன் அக்கா? நான் பைத்தியமாகிவிட்டேனா?

பதில்: இல்லை கண்ணு, ஒன்றும் ஆகவில்லை. உனக்கு அப்போது பதினொரு வயது. அழுவதற்கு உனக்கு யாரும் நேரமே கொடுக்கவில்லை, அதுதான் நடந்தது.

நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவே வந்து உட்காரும், பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், அடக்கம் முடிந்தும் நாள்கணக்கில் ஆட்கள் வந்துபோவார்கள், பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும். அந்தக் கூட்டமும் அந்த அழுகையும்தான் துக்கத்தை இறக்கிவைக்கிற வழி. 2021இல் எல்லா மதத்தவர் வீட்டிலும் அந்த வழி அடைபட்டது. இறக்கிவைக்காத துக்கம் ஐந்து வருஷம் கழித்து வந்தாலும் வரும், அதுவும் ஏதாவது ஒரு சத்தத்தில், ஒரு தேர்வறை அமைதியில். அப்பா இறந்தபோது நீ சிறுமி, இன்று நீ அதைப் புரிந்துகொள்கிற வயதுக்கு வந்திருக்கிறாய், அதனால் இப்போது புதிதாக வலிக்கிறது. துக்கத்தைப் பற்றி ஆராய்ந்தவர்கள் பலரும் இதைச் சொல்கிறார்கள்: சின்ன வயதில் இழந்த பிள்ளைகள் வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இழப்பை மறுபடி ஒருமுறை சந்திக்கிறார்கள்.

அம்மா பேசாமல் இருப்பது மறந்துவிட்டதால் என்று நினைக்காதே. நீ அழுதுவிடுவாய் என்று அவர் பேசவில்லை, அவர் அழுதுவிடுவார் என்று நீ பேசவில்லை, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டீர்கள். யாராவது ஒருவர் தொடங்கவேண்டும், பெரிதாக எதுவும் வேண்டாம், சாப்பிடும்போது "இந்தச் சாளைக் கறி அப்பாவுக்கு எவ்வளவு பிடிக்கும் இல்லம்மா" என்று ஒரு வார்த்தை சொல். அம்மா எழுந்து போனாலும் போகட்டும், இன்னொரு நாள் இன்னொரு வார்த்தை. பெட்டியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து வெளியே வைக்கலாமா என்று கேள். தம்பிக்கு அப்பாவின் முகம் எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்றும் யோசித்துப் பார், அவனுக்கு நீ சொல்லும் கதைகள்தான் அப்பா.

அன்றைக்கு நடக்காததை இப்போதும் செய்யலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கடற்கரை ஊர்களில் எல்லாக் கல்லறையிலும் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து எவ்வளவு பேர் நிற்கிறார்கள்! அன்றைக்கு அவசரமாக ஓடி வந்துவிடாமல் அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு நேரம் எடுத்து நில்லுங்கள், அப்பாவுக்குச் சொல்லவேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுபோ, அழுகை வந்தால் அழு. (இதே நிலையில் இருக்கும் இந்துக் குடும்பங்கள் ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரி கடற்கரைக்கு வந்து பலி தர்ப்பணம் கொடுப்பதும் இதற்குத்தான் உதவுகிறது. அன்று அடியந்திரம் என்ற சாவுச் சடங்கை நடத்த முடியாமல் போன வீடுகள் இதை விட்டுவிட வேண்டாம்.)

கை நடுங்குவதும் தேர்வறை அழுகையும் இருப்பதால் மனநல மருத்துவரையும் ஒருமுறை பார்க்கவேண்டும், இதை நான் தள்ளிப்போடச் சொல்லமாட்டேன். பள்ளியில் உனக்குப் பிடித்த ஒரு டீச்சரிடம் அப்பா விஷயத்தைச் சொல்லி வை, பரீட்சையின்போது இரண்டு நிமிடம் வெளியே வந்து தண்ணீர் குடிக்க விடுவார்கள். அம்மாவுக்கு ஒரு செய்தி: பெற்றோரில் ஒருவரை இழந்து வருமானமும் குறைவாக இருக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 18 வயது வரை மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கச் சொல். உனக்கு இன்னும் வயது இருக்கிறது, தம்பிக்கு அதைவிட அதிகமாக இருக்கிறது.

கேள்வி: என் அக்கா மகன் 2020இல் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி மூடியதும் கடலுக்குப் போனான், கையில் காசு வந்ததும் திரும்பிப் பள்ளிக்குப் போகவில்லை. இப்போது வயது 19, கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போய் வருகிறான். போன மாதம் என்னிடம், "மாமா, படிச்சிருக்கலாம், இப்ப வெட்கமா இருக்கு" என்றான். வழி இருக்கிறதா?
(தூத்தூர் பக்கம்)

பதில்: கட்டாயம் இருக்கிறது. அதை அவன் உங்களிடம் சொன்னானே, நல்ல மாமாவாக இருந்திருக்கிறீர்கள்.

உங்கள் பகுதிக்கு 2017 நவம்பர் 30 ஓகி புயல் ஒரு அடி, இரண்டு வருஷம் கழித்துக் கொரோனா இன்னொரு அடி. ஈரானில் மாட்டிக்கொண்டிருந்த நம் மீனவர்கள் 2020 ஜூலை 1ஆம் தேதி ஜலஷ்வா கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கிய நாளில் எத்தனை வீட்டில் உலை வைக்கக் காசில்லாமல் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் பதினான்கு வயதுப் பையன் குடும்பத்தைத் தூக்கினான். வெட்கப்பட அதில் எதுவுமே இல்லை என்பதை அவனுக்கு நீங்கள் வாய்விட்டுச் சொல்லவேண்டும், அவன் அம்மாவும் சொல்லவேண்டும். அவனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத 14 வயது முடிந்திருந்தால் போதும், மேல் வயது வரம்பு கிடையாது. கடலுக்குப் போய் வருகிறவனுக்கு அதுதான் வசதி, தினமும் வகுப்புக்குப் போகத் தேவையில்லை, பாடங்களை ஒரே தடவையில் எழுதிமுடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொழில் படிக்க விரும்பினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தே சில ஐடிஐ பிரிவுகளில் சேரலாம், நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அரசு ஐடிஐயில் போய் நேரில் கேளுங்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விண்ணப்ப வேலைகளை அப்போது முடிப்பது எளிது. ஒரு பயணம் குறைந்தால் வீட்டில் முணுமுணுப்பு வரும், அந்த இடத்தில் நீங்கள் குறுக்கே நிற்கவேண்டும்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. கொரோனா சமயத்தில் கை கழுவு, கை கழுவு என்று நான்தான் விடாமல் சொன்னேன். இப்போது தோல் உரியும்வரை கழுவுகிறாள், குளியலறையில் ஒரு மணி நேரம் ஆகிறது, நாங்கள் தொட்ட தட்டில் சாப்பிடமாட்டாள். என் தப்பா?

பதில்: உங்கள் தப்பு இல்லை. நீங்கள் சொன்னதை அன்று நாடே சொன்னது. கேட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வரவில்லை, இது ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம், அப்படியென்றால் அவள் பிடிவாதத்தால் செய்யவில்லை, நிறுத்தத் தெரியாமல் தவிக்கிறாள். திட்டினாலும் நிற்காது, அவளுக்காகத் தட்டைத் தனியாக நாலு தடவை கழுவிக் கொடுத்தாலும் நிற்காது, சொல்லப்போனால் இரண்டாவதில் இன்னும் கூடும். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொண்டு, கழுவாமல் இருந்து பழகும் பயிற்சிச் சிகிச்சை இருக்கிறது, தேவையானால் மருந்தும் சேர்ப்பார்கள், நல்ல பலன் உண்டு. இந்த மாதமே கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மனநல டாக்டரிடம் போனால் பள்ளிக்கூடத்துக்குத் தெரியுமா? நாளை கல்யாணப் பேச்சு வரும்போது பிரச்சினை ஆகாதா? எங்கே போவது என்றும் சொல்லுங்கள்.
(தக்கலை)

பதில்: இந்தப் பயம் நம் ஊரில் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். யுனிசெஃப் 2021இல் வெளியிட்ட அறிக்கைக்காக 21 நாடுகளில் 15 முதல் 24 வயதுள்ளவர்களிடம் கேட்டபோது, மனக் கஷ்டத்துக்கு மற்றவர் உதவி பெறுவது நல்லது என்று சராசரியாக 83 சதவீதம் பேர் சொன்னார்கள், இந்தியாவில் சொன்னது 41 சதவீதம்தான். நம் வீடுகளில் கேட்டுக் கேட்டுத்தான் பிள்ளைகளும் அப்படி நினைக்கிறார்கள். கல்யாணம் நின்றுவிடும் என்று மூடி வைத்து, பிள்ளை படிப்பையும் தூக்கத்தையும் இழந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

யாருக்கும் தெரியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கவேண்டும் என்று சொல்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து பள்ளிக்கு யாரும் கடிதம் அனுப்பமாட்டார்கள், மாற்றுச் சான்றிதழில் எதுவும் ஏறாது.

முதலில் போனில் பேசிப் பார்க்க விரும்பினால் 14416, இது டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட இலவச சேவை, இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அடி, துன்புறுத்தல் என்று பிள்ளைக்கு ஆபத்து இருந்தால் 1098. நேரில் போவதென்றால் நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிப் பிரிவில் சீட்டு எடுத்து "மனநலம்" என்று சொன்னால் போதும். காலையிலேயே போங்கள். முதல் நாளே மாத்திரை எழுதிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம், பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பேச்சில்தான் தொடங்குவார்கள். டாக்டர் பிள்ளையிடம் தனியாகப் பேசவேண்டும் என்று சொன்னால் வெளியே வந்து உட்காருங்கள், திரும்பும் வழியில் "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே" என்று துருவாதீர்கள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் நடக்கும் சண்டை, கடன், குடி எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் நீங்கள் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அது தெரியாமல் பிள்ளைக்கு மட்டும் வைத்தியம் பார்த்து அவரால் அதிகம் செய்ய முடியாது.